1972 லான்சியா ஃபுல்வியா கூப்பே: பெயிண்டைப் பார்த்தது போதும், அடியில் படுங்கள்

‘ஒரிஜினல் பெயிண்ட், எதையும் தொடவில்லை’ என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். இந்த வரியை நம்பிப் போய் இதற்கு முன்னால் இரண்டு தடவை ஏமாந்திருக்கிறேன், அதனால் இத்தாலியின் தூரின் நகரில் இருக்கும் இந்தப் பழைய கார் கடைக்குப் போகும்போது ஒரு காந்தம், ஒரு டார்ச், படுக்க ஒரு பழைய போர்வை என்று மூட்டை கட்டிக்கொண்டுதான் போனேன். கடைப் பெயர் வேண்டாம், கடைசியில் ஒரு குறை சொல்ல வேண்டியிருக்கிறது.

ஃபுல்வியா தெரியாதவர்களுக்கு: இத்தாலியக் கார் கம்பெனியான லான்சியா தன் கார்களுக்கு ரோமானியர் காலத்துச் சாலைகளின் பெயரை வைத்துக்கொண்டிருந்த காலத்து வண்டி. ஆப்பியா, ஆரேலியா, ஃப்ளாமினியா எல்லாம் அப்படி வந்த பெயர்கள்தான். இதன் இரண்டு கதவு வடிவமான கூப்பே வந்தது 1965-இல், வரைந்தவர் பியரோ காஸ்தான்யேரோ. கூரையைத் தாங்க மெல்லிய தூண்கள், சுற்றிலும் கண்ணாடி, உள்ளே உட்கார்ந்தால் மீன்தொட்டிக்குள் இருப்பது போல அவ்வளவு வெளிச்சம். 1972 மான்ட்டே கார்லோ ராலி கார் பந்தயத்தில் சாந்த்ரோ முனாரி ஜெயித்தது இதன் அண்ணன், பெரிய இன்ஜின் வைத்த 1.6 ஹெச்எஃப்பில். அதன் விலையைக் கேட்டால் தலை சுற்றும், அதனால் நமக்குத் தம்பி போதும்: 1.3 எஸ், 1298 சிசி, சுமார் 90 குதிரைசக்தி, ஐந்து கியர்.

சரி, வண்டிக்கு வருவோம். வெளிர் நீலம். வெயில் பட்ட கூரையில் மட்டும் நிறம் கொஞ்சம் செத்திருக்கிறது, டிக்கி மூடியின் ஓரத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பெயிண்ட் உதிர்ந்து அடியில் பிரைமர் தெரிகிறது. எனக்கு அங்கேதான் முதல் நம்பிக்கை வந்தது, ஏனென்றால் விற்பதற்காகப் பெயிண்ட் அடித்தவன் அந்த இடத்தை விட்டுவைக்க மாட்டான். காந்தத்தைத் துணியில் சுற்றி, கதவுக்குக் கீழே ஓடும் தகட்டில் முன்னிருந்து பின்வரை இழுத்தேன். எங்கும் நழுவவில்லை. பட்டி பூசி மூடிய இடம் இருந்தால் காந்தம் சட்டென்று பிடி விட்டுவிடும்.

அப்புறம் போர்வையை விரித்துப் படுத்தேன். ஃபுல்வியாவில் இன்ஜின், கியர்பாக்ஸ், முன் சஸ்பென்ஷன் மூன்றையும் ஒரு தனி இரும்புச் சட்டம் தாங்குகிறது. அந்தச் சட்டம் பாடியோடு சேரும் இடங்களில் துரு பிடித்தால் மேலே எவ்வளவு பளபளப்பு இருந்தும் பிரயோஜனம் இல்லை, சட்டத்தையே கழற்றி வேலை பார்க்க வேண்டும், கார் விலையில் கணிசமான பங்கு அதற்கே போய்விடும். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டிப் பார்த்தேன். ‘டொக்’ என்று விழாமல் ‘கணீர்’ என்றே கேட்டது. வலது பக்கம் மட்டும் கொஞ்சம் மேல்துரு, சுரண்டியதும் போய்விட்டது. விளம்பரத்தில் அழகழகாக நாற்பது படம் போட்டிருந்தார்கள், இந்த இடத்தை ஒரு படம்கூட எடுக்கவில்லை. வியாபாரிக்கே தன் சரக்கின் அருமை தெரியவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

பானட்டைத் திறந்தால் சிரிப்பு வரும். நாலு சிலிண்டர் ‘வி’ இன்ஜின்தான், ஆனால் இரண்டு வரிசையும் அவ்வளவு நெருக்கமாக இருப்பதால் இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஹெட் (சிலிண்டர்களை மேலே மூடும் பாகம்), அதையும் ஒரு பக்கமாக 45 டிகிரி சாய்த்துப் படுக்க வைத்திருக்கிறார்கள். வேறு எந்தக் கம்பெனி கணக்குப்பிள்ளையும் இதற்குச் சம்மதித்திருக்க மாட்டார். கையால் இழுக்கும் சோக்கோடு இரண்டாவது தடவையில் ஸ்டார்ட் ஆனது, சூடாகும் வரை கொஞ்சம் இருமியது, பிறகு தையல் மெஷின் மாதிரி சீராக ஓடியது. நிறுத்தும்போது ஸ்டியரிங் கல்லாகக் கனக்கிறது, நகர்ந்துவிட்டால் இலகு. முன்சக்கரங்கள் இழுக்கும் வண்டி என்பதால் வளைவில் மூக்கு வெளியே போகப் பார்க்கும், ஆக்சிலரேட்டரை லேசாக விட்டால் தானாக உள்ளே திரும்பிவிடுகிறது. இந்த ஒன்றுக்காகவே இன்னொரு தடவை ஓட்டத் தரச் சொல்லிக் கேட்டேன்.

உள்ளே மெல்லிய மரத்தகடு ஒட்டிய டேஷ்போர்டு வெடிக்கவில்லை. டிரைவர் சீட்டின் ஓரத் தையல் பிரிந்திருக்கிறது, இருக்கட்டும். தூரினைக் குறிக்கும் எழுத்தோடு முதலில் கொடுத்த கறுப்பு நம்பர் பிளேட் இன்னும் அப்படியே இருக்கிறது, இத்தாலியில் சேகரிப்பாளர்கள் அதற்கென்றே கூடுதலாகக் கொடுப்பார்கள்.

இப்போது குறை. ‘டயர் நல்ல நிலையில்’ என்று எழுதியிருந்தார்கள். பட்டன் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் டயர் ஓரத்தில் அச்சடித்திருந்த நாலு இலக்கம் 2309, அதாவது 2009-இன் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் தேயாவிட்டாலும் இவ்வளவு பழைய ரப்பரை நம்பி ஓட்ட முடியாது. கேட்டால் ‘கண்காட்சிக்கு மட்டும்தானே வைத்துக்கொள்வீர்கள்’ என்றார் கடைக்காரர். கோபம் வந்தது. ஓட்டிப் பாருங்கள் என்று சாவியைக் கொடுத்ததே அவர்தான்!

நாலு புது டயர் போட்டுக் கொடுத்தால் கேட்ட விலைக்கே எடுத்துக்கொள்கிறேன், பெயிண்டை மட்டும் பாலீஷ் போடுகிறேன் என்று தொட்டுவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். வெள்ளிக்கிழமை பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.