மொரிஸ் மைனர் 1000: காலடியில் ஒளிந்திருக்கிற பிறேக் சிலிண்டர்

சிநேகிதர் கேட்ட கேள்வி இதுதான்: "கோண்டாவில்ல ஒரு மைனர் விலைக்கு நிக்குது. 948 சிசி எஞ்சின், நாலு கதவு. எடுக்கட்டோ?" கேள்வி வந்த நேரம் சரியில்லை. மைனர் ஒன்றின் பிறேக் மாஸ்ரர் சிலிண்டருக்கு (பெடலை மிதிக்கையில் பிறேக் ஒயிலைச் சில்லுகளுக்குத் தள்ளுகிற பாகம்) ரப்பர் மாற்றி, காரை ஸ்ராண்டிலிருந்து இறக்கிய அன்றுதான் கேட்டார். கையில் இன்னும் பிறேக் ஒயில் மணம். அதனால் பதிலில் கொஞ்சம் சூடு இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் கெட்டிக்காரர், மறுக்கேலாது. 1948இல் வெளிவந்த காருக்கு ராக் அன்ட் பினியன் ஸ்டியரிங், முன்னுக்கு டோர்ஷன் பார் (முறுக்கினால் ஸ்பிரிங்காக வேலைசெய்கிற நீள இரும்புக் கம்பி). யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தி நெரிசலில் இன்றைக்கும் இரண்டு விரலால் திருப்பலாம். அப்பேர்ப்பட்ட மனிதர் பிறேக் மாஸ்ரர் சிலிண்டரை எங்கே கொண்டுபோய் வைத்தார்? சாரதியின் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே, நீளச் சட்டத்தின் பெட்டிக்குள்ளே. பொனற்றைத் திறந்து பிறேக் ஒயில் போத்தலைத் தேடுகிற புது மெக்கானிக்கின் முகத்தைப் பார்க்கவேண்டும்.

ஒயில் அளவு பார்க்கவே ஒரு சடங்கு. கம்பளத்தை உரிக்கவேண்டும். தரையில் உள்ள சின்ன மூடித் தகட்டைக் கழற்றவேண்டும். ஸ்குரூ துருப்பிடித்திருந்தால் அதுவே அரை மணித்தியாலம். அதற்குப் பிறகு ஸ்பனரை உடனே போடாதேங்கோ. முதலில் சுற்றியுள்ள மண்ணைத் தூரிகையால் கூட்டி, துணியால் துடையுங்கோ. இந்த இடத்தில்தான் பலர் பிழை விடுகிறார்கள். மூடியைத் திறந்ததும் செருப்பில் வந்த மணல் இரண்டு பொட்டு உள்ளே விழும். அது ஒயிலை அடைத்துப் பிடிக்கிற கப் ரப்பரைக் கீறும், மூன்று மாதத்தில் பெடல் இறங்கும், பழி ரப்பர் விற்றவன் தலையில் விழும். ஒயில் மட்டம் மூடிக் கழுத்துக்கு அரை அங்குலம் கீழே நின்றால் போதும். மூடியில் ஒரு காற்றுத் துளை இருக்கிறது. அது அடைபட்டிருந்தால் ஊசியால் குத்தித் திறந்துவிடுங்கோ.

மேலிருந்து வருகிற ஈரம் அடுத்த வில்லங்கம். பிறேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த கால் இரண்டும் நாள் முழுக்க அந்தத் தகட்டின் மேலேயே இருக்கும். கம்பளம் ஊறும், தகடு துருப்பிடிக்கும், உள்ளே 7/8 அங்குலத் துளையில் சின்னச் சின்னக் குழி விழும். குழி விழுந்த சிலிண்டருக்கு எத்தனை தரம் ரப்பர் மாற்றினாலும் வீண்காசு. துளைக்குள் துருப்பிடிக்காத உருக்கில் உறை போடவேண்டும், இல்லையெனில் புதுச் சிலிண்டர்.

கழற்றுவதுதான் உச்சம். சிலிண்டரைப் பிடித்திருப்பது இரண்டு நீள போல்ட், சட்டத்தின் குறுக்கே. இரண்டும் வெளியே வரவேண்டிய பாதையில் டோர்ஷன் பார் குறுக்கே நிற்கிறது. ஒரு ரப்பர் வளையம் மாற்றுவதற்கு முன்சில்லின் ஸ்பிரிங்கைக் கழற்றச் சொல்கிற கார் இது! முறையாகச் செய்வதென்றால் கீழ்க் கையை ஜாக்கில் தாங்கி, முறுக்கைத் தளர்த்தி, பாரை ஒதுக்கவேண்டும். அதற்கு முதல் பாரின் பல்லிலும் அது பொருந்துகிற இடத்திலும் பெயின்ற்றால் கோடு போடுங்கோ. ஒரு பல் மாறினாலும் கார் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். முறுக்கோடு இருக்கிற பாரைக் கம்பி கொடுத்து நெம்பி போல்ட்டை உருவுகிற குறுக்கு வழியும் கராஜ்களில் நடக்கிறது. விரலில் ஆசை இருந்தால் அது வேண்டாம். திரும்பப் பூட்டும்போது மட்டும் இதைச் செய்யுங்கோ: போல்ட்டைத் தலை உட்பக்கம் வரத் திருப்பிப் போடுங்கோ. அடுத்த தரம் பாரைத் தொடாமலே உருவலாம்.

பெடலின் குணத்தை வைத்தே நோயைச் சொல்லலாம். மிதித்துப் பிடிக்கையில் மெல்ல மெல்ல இறங்கி, வெளியே எங்கேயும் கசிவு இல்லையென்றால் மாஸ்ரர் சிலிண்டர் கப். முதல் மிதி ஆழமாகப் போய், இரண்டாம் மிதியில் உயர்ந்தால் சிலிண்டரில் பிழையில்லை. பிறேக் ஷூ தேய்ந்திருக்கிறது. முன் சில்லுக்கு இரண்டு, பின் சில்லுக்கு ஒன்று என்று சரிசெய்கிற ஸ்குரூ உண்டு. ட்ரம்மில் உள்ள துளையால் ஸ்குரூ ட்ரைவரை விட்டு, சில்லு இறுகும்வரை திருப்பி, ஒரு பல் பின்னுக்கு எடுங்கோ. கொஞ்சம் ஓடிச் சூடானதும் பிறேக் தானே பிடித்துக்கொண்டு நிற்கிறதென்றால், தள்ளுகம்பிக்கும் பிஸ்ரனுக்கும் இடையே இருக்கவேண்டிய மயிரிழை இடைவெளி இல்லை. ஒயில் திரும்பிப் போகிற துளை மூடுண்டிருக்கும். எல்லாச் சில்லுக்கும் ஒரே இணைப்புத்தான். ஒரு குழாய் வெடித்தால் நாலும் போச்சு, மிச்சம் கைப் பிறேக் மட்டும்.

இனி நியாயமாகவும் பேசவேண்டும். இந்தக் கார் ஓடுகிற சத்தத்துக்கு ஈடு கிடையாது. மூன்றாம் கியரில் வந்து அக்சிலரேற்றரிலிருந்து காலை எடுத்தால் பின்னுக்கு 'புர்ர்ர்' என்று ஒரு குமுறல். வீதியில் கார் பார்க்கிற பழக்கம் உள்ளவர்கள் தலையைத் திருப்பாமலே "மைனர் வருது" என்பார்கள். ஒஸ்ரின் ஏ40 கார் அப்படிப் பேசாது.

எந்த வருசத்து மைனர் என்று கண்டுபிடிப்பதும் நல்ல விளையாட்டு. முன்கண்ணாடி நடுவில் பிரிந்திருந்தால் 1956க்கு முந்தியது. முன்விளக்குகள் தாழ்ந்து, கிறிலோடு ஒட்டி இருந்தால் ஆகப் பழைய எம்எம் வகை. கண்டால் நின்று பாருங்கோ. திரும்புவதைக் காட்ட நடுத்தூணிலிருந்து நீளுகிற கைகாட்டி இருந்தால் 1961 வரையானது. முன்னுக்குப் பெரிய வெள்ளை-செம்மஞ்சள் விளக்கு இருந்தால் 1963க்குப் பிந்தியது, எஞ்சினும் 1098 ஆக இருக்கவேண்டும், யாரும் மாற்றாவிட்டால். இலக்கத்தகடும் உதவும்: ஈ.என்., ஈ.எல். மாதிரி இரண்டு ஆங்கில எழுத்தென்றால் இலக்கத்தகட்டில் சிங்களச் 'சிறி' எழுத்து வருவதற்கு முந்தின பதிவு. (அந்தச் சிறி எழுத்தை எதிர்த்து இங்கே நடந்த போராட்டம் தனிக் கதை.) மரச்சட்டம் வெளியே தெரிகிற ட்ரவலர் வகை மைனரைக் கண்டு மயங்காதேங்கோ. அந்த மரம் அலங்காரமில்லை, பின்னுடலைத் தாங்குவதே அதுதான். ஈரமும் கறையானும் தின்றபிறகு மிஞ்சுவது பெயின்ற் மட்டும்.

எஞ்சினைப் பற்றிக் குறை சொல்ல வரவில்லை. வால்வு இடைவெளி 0.012 அங்குலம், தீப்பொறிப் பொயின்ற் இடைவெளி 0.015, அவ்வளவுதான் வேலை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணத்துக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியது ஊரறிந்தது. கபறேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெயை உறிஞ்ச விடுவார்கள். இந்த எஞ்சினின் குறைந்த அமுக்கம் அதைத் தாங்கியது. எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கியதுதான் நட்டம். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் அட்டைக்குக் கிழமைக்கு 20 லீற்றர் தந்த காலத்திலும் மைனர் அந்த 20 லீற்றரில் 250 கிலோமீற்றர் ஓடிக் காட்டியது.

பார்க்கப் போகிறவர் ஒன்றை மறக்கக்கூடாது: முன் சில்லைத் தாங்குகிற ட்ரனியன். 1000 மைலுக்கு ஒருதரம் மேலும் கீழும் கிறீஸ் அடிக்கவேண்டும், அதுவும் சில்லைத் தூக்கி வைத்துக்கொண்டு. அடிக்காவிட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் மெதுவாகத் திருப்புகையில் சில்லு மடங்கிப் படுக்கும். பன்னிரண்டு, ஆறு மணி நிலையில் சில்லைப் பிடித்து ஆட்டிப் பாருங்கோ. 'டக்' என்றால் விலையைக் குறையுங்கோ.

ரப்பர் பொதி கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்கும். பெயரில்லாப் பொதியில் வருவதை எடுக்கவேண்டாம், ஆறு மாதத்தில் ஊதிவிடும். பொனற்றுக்குள் ஒயில் போத்தலை வைத்து, குழாயால் சிலிண்டர் மூடிக்கு இறக்குகிற மாற்றுப் பொருத்து இங்கிலாந்தில் விற்கிறார்கள். காரை வாங்குகிற அன்றே அதற்கும் காசு ஒதுக்குங்கோ.

எடுக்கட்டோ என்ற கேள்விக்குப் பதில்: வேண்டாம். 2020இல் இறக்குமதி நின்றதிலிருந்து ஏறிய விலை 2025இல் திறந்தபிறகும் இந்தப் பழசுகளுக்கு இறங்கவில்லை. அந்தக் காசுக்கு பொனற்றுக்குள்ளேயே பிறேக் போத்தல் இருக்கிற ஒரு சின்ன ஜப்பான் கார் எடுங்கோ. இவ்வளவு சொல்லியும் கோண்டாவிலுக்குப் போவதென்றால், பொனற்றைத் திறக்கமுதல் சாரதிப் பக்கக் கம்பளத்தைத் தூக்குங்கோ. அந்தத் தகட்டு ஸ்குரூ சுகமாகக் கழன்றால், காரை யாரோ கவனமாகப் பார்த்திருக்கிறார்கள்.