அம்மாவுக்கு கீழ் வழியா, அத்தைக்கு வயித்து வழியா: மலக்குடல் இறக்கத்துக்கு ரெண்டு ஆபரேஷன்

அம்மாவுக்கு 83, பட்டர்வொர்த்துல எங்க கூடத்தான் இருக்காங்க. மூலம்னு நெனச்சு ரெண்டு வருஷம் களிம்பு தடவினாங்க, வெளிய வந்தா கையால உள்ள தள்ளிக்குவாங்க, வெக்கப்பட்டு யார்கிட்டயும் சொல்லல. தைப்பூசத்துக்கு பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வரலன்னு சொன்னப்பதான் தோண்டிக் கேட்டோம். மலக்குடலே இறங்கியிருக்கு.

டாக்டர் ரெண்டு வழி சொன்னார். வயித்து வழின்னா லேப்ராஸ்கோப்பில சின்ன ஓட்டை போட்டு, குடலை மேல தூக்கி, வலை வச்சு முதுகெலும்பு அடியில கட்டிடுவாங்க. அத்தைக்கு (66) இதான் செஞ்சாங்க, நல்லாத்தான் இருக்காங்க.

கீழ் வழின்னா ஆசனவாய் வழியாவே செய்றது, வயித்தையே தொட மாட்டாங்க. இறக்கம் சின்னதுன்னா டெலார்ம், உள்தோலை உரிச்சு தசையை மடிச்சுத் தைக்கிறது. நீளமா தொங்கினா ஆல்டிமையர், வெளிய வந்த குடலையே வெட்டிட்டு மிச்சத்தை ஆசனவாயோட சேர்த்துத் தைக்கிறது. அம்மாவுக்கு ஆல்டிமையர்தான்.

எங்களுக்கு முடிவே மயக்க மருந்துலதான் வந்துச்சு. லேப்ராஸ்கோப்புன்னா முழு மயக்கம், அதோட வயித்துல கேஸ் ஏத்தி தலையைத் தாழ்த்திப் படுக்க வைக்கணும், அம்மா மாதிரி இதயத்துல ஸ்டென்ட் வச்சவங்களுக்கு அது சாதாரண விஷயமில்ல. மூணு வருஷம் முன்ன இடுப்பு ஆபரேஷனுக்கு முழு மயக்கம் கொடுத்தப்ப அம்மா நாலு நாள் என்னையே யாருன்னு கேட்டாங்க, செத்துப்போன மாமாவுக்கு தேத்தண்ணி போடச் சொன்னாங்க, அந்த நாலு நாளை நெனச்சா இன்னும் வயித்தைக் கலக்குது. கீழ் வழியை முதுகுல ஊசி போட்டே செய்யலாம். முதுகு ஊசின்னா குழப்பம் வராதுன்னு கியாரண்டி எல்லாம் கிடையாது, வயசானவங்களுக்கு எதுலயும் வரலாம். ஆனா அம்மா மறுநாளே கஞ்சி குடிச்சிட்டு பக்கத்து கட்டில் மலாய்க்கார பாட்டிகிட்ட பேரப்பிள்ளை கதை பேசிக்கிட்டு இருந்தாங்க.

கீழ் வழியில செஞ்சா திரும்ப வரும்னு அண்ணன் சண்டை. பொதுவா டாக்டர்ங்களும் அப்படித்தான் சொல்றாங்க. 2013ல வந்த பிரிட்டிஷ் ஆய்வு, ப்ராஸ்பர்னு பேரு, அதுல பெரிய வித்தியாசம் தெரியல, ஆனா நெனச்ச அளவு ஆள் சேரலயாம், அதை வச்சு அடிச்சுச் சொல்லவும் முடியாது. திரும்ப வந்தா மறுபடி செஞ்சுக்கலாம்னு நான் பார்த்தேன். தையல் விட்டு கசியுற ஆபத்தும் இருக்கு, அதைச் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினாங்க.

அம்மாவுக்கு ஆபரேஷன் முடிஞ்சு ஒன்றரை வருஷம்தான் ஆகுது, அதுக்கு மேல என்னால பேச முடியாது. வயசு அறுபதுகள்ல, நெஞ்சு கெட்டியா இருந்தா நானே வயித்து வழியத்தான் கேட்டிருப்பேன்.

அம்மாவுக்கு மலக் கசிவு முழுசா நிக்கல, வெளிய போனா இன்னும் பேம்பர்ஸ்தான். முக்கவே கூடாதுன்னுட்டாங்க, அதனால தினம் பப்பாளி, ராத்திரி மலமிளக்கி சிரப். இந்த தைப்பூசத்துக்கு மலை ஏறல, ஆனா அடிவாரத்து தண்ணீர் பந்தல்ல நாற்காலி போட்டு உட்கார்ந்து மோர் ஊத்திக் கொடுத்தாங்க.