இரண்டாம் கட்டுப்பாட்டு மையம்: இணையாக இயங்குவதா, காத்திருப்பதா?

மின்சாரமோ குடிநீரோ வழங்கும் ஒரு நிறுவனத்தின் கட்டுப்பாட்டு மையம் தீயிலோ வெள்ளத்திலோ இணையவழித் தாக்குதலிலோ முடங்கினால், வேறோர் இடத்திலிருந்து பணி தொடர வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அந்த இரண்டாம் இடம் எத்தகையதாக இருக்க வேண்டும் என்பதில்தான் வேறுபாடு எழுகிறது. இரு மையங்களும் எந்நேரமும் பணியைப் பகிர்ந்து இணையாக இயங்குவது ஒரு முறை. ஒன்று இயங்க, மற்றொன்று தரவுகளைப் பெற்றபடி தயார் நிலையில் காத்திருப்பது இன்னொரு முறை. வெறும் கட்டடத்தை வைத்துக்கொண்டு, பேரிடர் நேர்ந்தபின் கருவிகளைப் பொருத்தும் முறையும் உண்டு. கட்டணப் பட்டியல் போன்ற அலுவலகப் பணிகளுக்கு அது போதும், நொடிக்கு நொடி கண்காணிக்க வேண்டிய மின்கட்டமைப்புக்குப் போதாது.

இணை இயக்கத்தின் பெரும் பலம், இரண்டாம் மையம் வேலை செய்யுமா என்ற ஐயமே எழாது என்பதாகும். அது நாள்தோறும் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் இரு பக்கமும் ஒரே தரவு ஒரே கணத்தில் இருக்க வேண்டுமெனில், ஒவ்வொரு பதிவும் மறுமுனைக்குச் சென்று ஒப்புதலுடன் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். ஒளியிழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்வதால், 100 கிலோமீட்டர் தொலைவுக்குப் போய்வர 1 மில்லிநொடி ஆகும். கேபிளின் சுற்றுவழியும் இடைக்கருவிகளும் அதைக் கூட்டும். அதனால் மையங்களை அருகருகே அமைக்கத் தோன்றும். அருகில் அமைத்தாலோ ஒரே புயலும் ஒரே வெள்ளமும் இரண்டையும் தாக்கக்கூடும். மையங்களுக்கு இடையிலான இணைப்பு அறுந்தால் இரண்டுமே தம்மை முதன்மை மையமாகக் கருதி, மின்தடத்தை இணைக்கவும் துண்டிக்கவும் உதவும் ஒரே பிரேக்கருக்கு முரண்பட்ட ஆணைகளை அனுப்பும் ஆபத்தும் உண்டு. அதைத் தவிர்க்க, எது முதன்மை என்று தீர்மானிக்கும் நடுவராக மூன்றாம் இடம் ஒன்று தேவைப்படும்.

காத்திருப்பு முறையில் தரவு சற்றுத் தாமதமாகவே சென்று சேர்கிறது. ஆகவே மையம் விழும் கணத்தில் சில நொடிப் பதிவுகள் தொலையலாம். வங்கிக்கு இது பேரிழப்பு. மின்வாரியத்துக்கோ குடிநீர் வாரியத்துக்கோ அப்படியல்ல: மின்னழுத்தம், நீர்மட்டம், வால்வின் நிலை ஆகியவற்றைத் துணைநிலையங்களில் அளவீடுகளைத் திரட்டி மையத்துக்கு அனுப்பும் ஆர்டியூ கருவிகளிடம் மறுபடி கேட்டுப் பெறலாம். அவ்வாறு கேட்டுப் பெற முடியாதது, எந்த மின்தடத்தில் ஆட்கள் ஏறி வேலை செய்கிறார்கள் என்ற பணி அனுமதிக் குறிப்புதான். அது தொலைந்தால் உயிர் போகும். அந்தச் சிறு பதிவை மட்டும் உடனுக்குடன் இரு இடங்களிலும் எழுதிவிட்டு, மற்றவற்றைத் தாமதமாக நகலெடுத்தால், மையங்களைப் பல நூறு கிலோமீட்டர் தள்ளி அமைக்கலாம். என் தேர்வு இந்த முறைதான். ஆனால் ஆண்டுக்கு ஒரு பிற்பகல் நடத்தும் ஒத்திகையை நம்பாமல், சில வாரங்கள் முழுப் பணியையும் இரண்டாம் மையத்திலிருந்தே நடத்திப் பார்க்க வேண்டும்.

எந்த முறையானாலும், நகல் என்பது பிழையையும் நகலெடுக்கும். 2003 ஆகஸ்ட் 14 அன்று ஒஹாயோவின் ஃபர்ஸ்ட்எனர்ஜி நிறுவனத்தில் எச்சரிக்கை மென்பொருள் ஓசையின்றி உறைந்தது. முதன்மை சர்வர் விழுந்ததும், உறைந்திருந்த அந்தச் செயலி அப்படியே மாற்று சர்வருக்குச் சென்று, சிறிது நேரத்தில் அதையும் வீழ்த்தியது. கட்டுப்பாட்டறை ஊழியர்கள் நிலைமையை அறியாதிருக்க, அன்று பரவிய மின்தடை அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 5 கோடிப் பேரைப் பாதித்தது. இதனால்தான் மென்பொருள் மாற்றங்களை இரு மையங்களிலும் ஒரே நாளில் நிறுவக்கூடாது.

மையங்களையும் துணைநிலையங்களையும் இணைக்கும் தகவல் தடங்களுக்கு வருவோம். மின்கோபுரங்களின் உச்சிக் கம்பிக்குள் செல்லும் சொந்த ஒளியிழை விரைவானது; ஆனால் கோபுரம் சாய்ந்தால் மின்தடமும் தகவல் தடமும் சேர்ந்தே போகும். தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் வாடகைக்கு எடுக்கும் இணைப்போ, நாம் மீட்க வேண்டிய அதே மின்சாரத்தை நம்பி இருக்கிறது. கனடாவின் ரோஜர்ஸ் நிறுவனத்தில் 2022 ஜூலை 8 அன்று ரூட்டர்களின் அமைவை மாற்றியதில் நேர்ந்த பிழையால் கைப்பேசி, கம்பிவழி இணையம் இரண்டும் ஒன்றாக முடங்கின. ஒரே நிறுவனத்தின் இரு சேவைகளை இரு தடங்களாகக் கணக்கிடுவது தவறு. சொந்த ஒளியிழை வளையத்துக்குத் துணையாக, கம்பியின்றி வான்வழியே செல்லும் நுண்ணலை (மைக்ரோவேவ்) இணைப்பையே நான் தேர்வேன். சாலை தோண்டும் இயந்திரம் அதை அறுக்காது, கனமழையில் உயர் அலைவரிசைகள் சற்றுத் தளர்ந்தாலும். 35,786 கிலோமீட்டர் உயரத்திலுள்ள செயற்கைக்கோள்வழிச் செய்தி போய்வர அரை நொடி ஆகும். அளவீடுகளுக்கும் பேச்சுக்கும் அது போதும், மில்லிநொடிகளில் முடிவெடுக்கும் மின்தடப் பாதுகாப்புக்குப் போதாது.

2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் இணையவழித் தாக்குதலாளர்கள் மின்சாரத்தைத் துண்டித்ததோடு, துணைமின் நிலையங்களின் தகவல்தொடர்புக் கருவிகளின் உள்மென்பொருளையே அழித்தனர். அங்கே இரண்டாம் மையம் எத்தகையதாக இருந்திருந்தாலும் அதன் ஆணைகள் அந்தக் கருவிகளைத் தாண்டிச் சென்றிருக்காது. ஊழியர்கள் நேரில் சென்று பிரேக்கர்களைக் கையால் இயக்கியதால்தான் சுமார் 2,25,000 மின் இணைப்புகளுக்குச் சில மணி நேரத்தில் மின்சாரம் திரும்பியது. ஆகவே நிதி குறைவாக உள்ள நிறுவனம், இணை இயக்கத்துக்கும் காத்திருப்புக்கும் இடையிலான செலவு வித்தியாசத்தைத் துணைநிலைய பேட்டரிகளிலும், கம்பியில்லாப் பேச்சுக் கருவிகளிலும், கையால் இயக்கத் தெரிந்த ஆட்களிலும் போடுவது நல்லது.