கொப்புள நோய்க்கு வாங்கிய செப்பு மருந்தும் அதை விற்ற கடையும்

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்கு மேலே எங்களுக்குள்ள அரை ஏக்கர் தேயிலையில், தென்மேல் பருவமழை பிடித்த ஜூன் மாதம் கொப்புள நோய் கண்டது. ஹட்டன் கடைவீதியில் ஒரு விவசாய மருந்துக் கடையில் கொப்பர் ஒட்சிகுளோரைட்டு என்னும் செப்பு மருந்துத் தூள் கேட்டேன். பெரிய பொதியிலிருந்து அள்ளி, நிறுத்து, சாதாரணப் பையில் கட்டிக் கொடுத்தார்கள். கலக்கும் அளவோ காலாவதித் திகதியோ அதில் இல்லை. "கொப்புளத்தின் மேலேயே அடியுங்கள், காய்ந்துவிடும்" என்று கடைக்காரர் சொன்னதை நம்பி அடித்தேன், ஒன்றும் காயவில்லை.

குறை மருந்தில் இல்லை. 1946இல் இந்நாட்டுத் தேயிலையில் முதன்முதலாகக் காணப்பட்ட இந்நோயின் பங்கசு (பூஞ்சை), காற்றில் வரும் நுண்வித்துகளாக ஈரமான இளங்கொழுந்தில் விழுந்து, முளைத்து, இலைக்குள் புகுந்துவிடுகிறது. மேற்புறம் குழிந்து, அடிப்புறம் வெண்ணிறமாகப் புடைத்து நம் கண்ணுக்குப் படும்போது அடுத்த வித்துகள் பறக்கத் தயாராகிவிடும். செப்போ இலையின் மேற்பரப்பில் படிந்திருந்து, முளைக்கும் வித்தைக் கொல்லுமே தவிர, உள்ளே புகுந்துவிட்ட பங்கசைத் தொடாது. மழை அதைக் கழுவிவிடும். மருந்து அடித்த பின் விரியும் இலைக்கோ அந்தப் பூச்சே கிடையாது. எனவே, மூடுபனியும் தூறலும் நீடிக்கும் நாட்களில் ஏழு முதல் பத்து நாட்களுக்கு ஒருமுறை திரும்ப அடிக்கவேண்டியிருக்கிறது.

இரண்டாம் முறை வேறொரு கடையில், முத்திரை உடையாத, மும்மொழியிலும் அளவு அச்சிட்ட 50 சதவீதத் தூளை வாங்கினேன். கொழுந்து பறித்த மறுநாளே, இலை காய்ந்திருந்த காலை வேளையில் அடித்தேன். மூன்றாவது சுற்றில் வந்த கொழுந்து பெரும்பாலும் சுத்தமாக இருந்தது. ஆனால் கவ்வாத்து வெட்டி மூன்று மாதமான கீழ்ப்பகுதியில், தளிர் முழுவதுமே இளசாக இருந்ததாலோ என்னவோ, அந்த அளவு பலன் கிடைக்கவில்லை. அங்கே இடைவெளியைக் குறைத்திருக்க வேண்டும்.

தூள் தண்ணீரில் கரைவதில்லை, கலந்து மிதக்க மட்டுமே செய்யும். முதலில் சிறிது நீரில் குழைத்து, துணியில் வடிகட்டி, பின்னரே தெளிகருவியில் ஊற்ற வேண்டும். நடுவில் குலுக்காவிட்டால் அடியில் படிந்து முனையை அடைத்துவிடும். அரை ஏக்கருக்கு இந்தச் சிரமம் பொறுக்கக்கூடியதே. அடுத்த மழைக்கும் இதே மருந்தைத்தான் வாங்குவேன், ஆனால் அந்த முதல் கடையில் அல்ல: உறையில்லாத நஞ்சை நிறுத்து விற்பவர், அடிப்பவரின் கையையும் கண்ணையும் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.