டாலர் ட்ரீ, ஆல்டி, டாலர் ஜெனரல்: விலை ஏறினப்புறம் எதை எங்க வாங்கறது?

அமெரிக்காவுல நம்ம ஆளுங்க வாட்ஸ்அப் குரூப்ல கொலு சீசன் வந்தாலே "ரிட்டர்ன் கிஃப்ட் எங்க வாங்கினீங்க"ன்னு ஒரு கேள்வி வரும், பாதி பேர் சொல்ற பதில் டாலர் ட்ரீங்கற மலிவு விலைக் கடை. இப்ப அதே குரூப்ல "அங்கயும் விலை ஏத்திட்டான்பா, பேசாம ஆல்டி போங்க, டாலர் ஜெனரல் போங்க"ன்னு ஆளாளுக்கு ஒன்னு சொல்றாங்க. இந்த மூணையும் ஒரே தட்டுல வச்சு பேசறதுதான் எனக்கு ஒத்துவரல, ஏன்னா மூணு கடையும் விலையை ஏத்தற விதமே வேற வேற.

முதல்ல டாலர் ட்ரீ. 1986-ல வர்ஜீனியாவுல ஆரம்பிச்சது, 2021 வரைக்கும் கடையில இருக்கறது கிட்டத்தட்ட எல்லாமே ஒரு டாலர்தான். முப்பத்தஞ்சு வருஷம் எப்படி தாக்குப்பிடிச்சான்னு கேட்டா, விலையை தொடாம பொருளை தொட்டான், அவ்ளோதான் ரகசியம். ஷாம்பு பாட்டில் குட்டியாகும், பிஸ்கட் பாக்கெட்ல நாலு குறையும், எதுவும் கட்டுப்படியாகலன்னா அந்த ஐட்டமே ஷெல்ஃப்ல இருந்து காணாம போயிடும். 2021 நவம்பர்ல ஒன்னே கால் டாலர்னு அறிவிச்சப்ப, ஒரு டாலர்ல அடங்காம நிறுத்தின பழைய ஐட்டங்களை இனிமே திரும்ப கொண்டு வரலாம்னு அவங்களே சொன்னாங்க. ஒரே அடியில 25 சதவீதம் ஏத்துனது வலிச்சதுதான், இல்லைன்னு சொல்லல, ஆனா நியாயமா பார்த்தா 1986-ல ஒரு டாலருக்கு வாங்கினதுக்கு 2021-ல சுமார் ரெண்டரை டாலர் வேணும், பணவீக்கம் அப்படி போயிருக்கு.

விலையை ஏத்தாம இருந்திருக்கலாமேன்னு கேக்கறவங்க கலிஃபோர்னியா பக்கம் இருந்த 99 சென்ட்ஸ் ஒன்லி கடையை நினைச்சுப் பாருங்க. அவங்களும் 2008-லயே 99 சென்ட்டை 99.99 சென்ட்டா ஆக்கி சிரிக்க வச்சாங்க, அப்புறம் மெதுவா மத்த விலையும் உள்ள வந்துச்சு, கடைசியில 2024 ஏப்ரல்ல இருந்த 371 கடையையும் மூடறோம்னு சொல்லிட்டாங்க. அதுல 170 கடையோட லீஸை டாலர் ட்ரீயே எடுத்துக்கிச்சு.

என்னைக் கேட்டா டாலர் ட்ரீயில நாம இழந்தது அந்த 25 சென்ட் இல்ல. கூடையில எத்தனை பொருளோ அத்தனை டாலர், மேல டாக்ஸ், அவ்ளோதான் கணக்கு, குழந்தை கூட போட்டுடும், அந்த நிம்மதிதான் போச்சு. இப்ப மூணு டாலர் ஐட்டம், அஞ்சு டாலர் ஐட்டம், 2024-ல இருந்து ஏழு டாலர் வரைக்கும் போகலாம்னு ஆக்கிட்டாங்க, 2025-ல டாரிஃப் (இறக்குமதி வரி) வந்தப்புறம் ஒன்னே கால் டாலர்ல இருந்த சிலது ஒன்றரை ஆகிடுச்சு. எல்லாம் பக்கத்து பக்கத்துல ஒரே ஷெல்ஃப்ல இருக்கும், பழைய பழக்கத்துல கண்ணை மூடிட்டு கூடையில போட்டீங்கன்னா கவுன்டர்லதான் தெரியும்.

அப்படி இருந்தும் சில விஷயத்துக்கு அங்கதான் போவேன். கிஃப்ட் பை, தாம்பூலப் பைக்கு ஆகற குட்டி பைங்க, டிஷ்யூ பேப்பர், வாழ்த்து அட்டை, பர்த்டே தட்டு, கண்ணாடிக் கிண்ணம், அலுமினிய ட்ரே, பசங்க ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்கு போஸ்டர் போர்டு, இதெல்லாம் இன்னைக்கும் மத்த கடையில ரெண்டு மூணு மடங்கு. பலூனுக்கு பார்ட்டி சிட்டின்னு ஒன்னு போட்டிக்கு இருந்துச்சு, அதுவும் 2024 கடைசியில கடைகளை மூடறோம்னு அறிவிச்சிடுச்சு. மொத்தமா வாங்கறவங்க ஒன்னு கவனிங்க, மிச்சமானதை எடுத்துட்டு போனா பொதுவா காசு திருப்பி தரமாட்டாங்க, வேற பொருளா மாத்திக்கலாம், அதுவும் பில் இருந்தா.

சாப்பாட்டுப் பொருள் மட்டும் அங்க வாங்காதீங்க. ஏன்னு ஒரு சின்ன கணக்கு: ஒரு பைன்ட் (அரை லிட்டருக்கு கொஞ்சம் கம்மி) பால் ஒன்னே கால் டாலர்னு வச்சுக்கங்க, பார்க்க சல்லிசா இருக்கும், ஒரு கேலனுக்கு எட்டு பைன்ட், அப்ப கேலன் பத்து டாலர் ஆச்சு. சாதாரண சூப்பர் மார்க்கெட்ல சாதா பால் கேலன் அதுல பாதி விலை கூட வராது. மாவு, சர்க்கரை, சோப்பு பவுடர், அலுமினியம் ஃபாயில் ரோல்னு நிறையதுக்கு இதே கதைதான், சின்ன பாக்கெட்டா போட்டா விலை சின்னதா தெரியும். கையில அன்னைக்கு அஞ்சு டாலர்தான் இருக்குங்கறவனுக்கு வேற வழி இல்ல, அவன் அந்த சின்ன பாக்கெட்டைத்தான் வாங்குவான், இந்த கடைங்களுக்கு லாபமே அங்கதான். ஆனா கார் வச்சுக்கிட்டு சம்பளம் வாங்கற நாம அதை டிஸ்கவுன்ட்னு நினைச்சு வாங்கறதுல அர்த்தமே இல்ல.

ஆல்டிக்கு வருவோம். இது டாலர் கடையே இல்ல, ஜெர்மன்காரன் கடை, சாமான் தள்ளற வண்டி எடுக்க ஒரு குவார்ட்டர், அதாவது 25 சென்ட் காசு, போடணும், திருப்பி விட்டா காசு வந்துடும், பை நாமளே கொண்டு போகணும், பொருளை அட்டைப்பெட்டியோட அப்படியே அடுக்கி வச்சிருப்பான். முக்கால்வாசிக்கு மேல அவங்க சொந்த பிராண்டுதான். இங்கயும் விலை ஏறாம இல்ல, 2025-ல பறவைக் காய்ச்சல்ல முட்டை விலை எகிறினப்ப ஆல்டியிலயும்தான் எகிறுச்சு. ஆனா ஏறுறது கண்ணுக்கு தெரிஞ்சு ஏறும், இறங்கும்போது இறங்கவும் செய்யும். பால், தயிர், வெங்காயம், உருளைக்கிழங்கு, வாழைப்பழம், உப்பில்லாத வெண்ணெய் வாங்கி வீட்லயே நெய் காய்ச்சறவங்களுக்கு அந்த வெண்ணெய், இதுக்கெல்லாம் நான் ஆல்டிதான் சொல்லுவேன். கருவேப்பிலை பச்சமிளகாய்க்கு இந்தியன் ஸ்டோர் போய்த்தான் ஆகணும், பருப்பு அரிசியும் அங்கயே வாங்கிக்கங்க. நடுவுல ஒரு வரிசை இருக்கும், அந்த வாரம் மட்டும் வர்ற சட்டி, செருப்பு, தோட்டத்து சாமான் எல்லாம் அங்க கிடக்கும், பால் வாங்கப் போய் ஏர் ஃப்ரையரோட வர்ற ஆளுங்க உண்டு, அந்தப் பக்கம் திரும்பாம இருந்தா நல்லது.

டாலர் ஜெனரல்தான் எல்லாரும் தப்பா புரிஞ்சுக்கற கடை. 1955-ல கென்டக்கியில ஸ்ப்ரிங்ஃபீல்டுங்கற ஊர்ல முதல் கடை திறந்தப்ப எதுவுமே ஒரு டாலரைத் தாண்டாதுன்னு சொல்லித்தான் ஆரம்பிச்சாங்க, அந்த விதி எப்பவோ செத்துப்போச்சு, பேர் மட்டும் நிக்குது. அதனால இங்க "டாலர் கடை விலை ஏறிடுச்சு"ன்னு நியூஸே வராது, இந்த மாசம் ரெண்டே கால், அடுத்த மாசம் ரெண்டரைன்னு சத்தமில்லாம மளிகைக் கடை மாதிரி ஏறும். டாலர் ட்ரீ ஏத்துனா நாடே பேசும், இவன் ஏத்துறது யாருக்கும் தெரியாது. நாட்டுல 20,000 கடைக்கு மேல இருக்கு, பெரும்பாலானது இருபதாயிரம் பேர் கூட இல்லாத ஊர்கள்ல.

இன்னொரு சிக்கல், ஷெல்ஃப்ல ஒட்டியிருக்கற விலையும் பில்லுல வர்ற விலையும் பல சமயம் ஒத்துப்போகாது. ஒஹாயோ மாநில அட்டர்னி ஜெனரல் (அரசோட தலைமை வக்கீல்) இதுக்காகவே 2022-ல டாலர் ஜெனரல் மேல கேஸ் போட்டாரு, அடுத்த வருஷம் பத்து லட்சம் டாலருக்கு செட்டில் ஆச்சு. ஒன்னு ரெண்டு ஆளை வச்சு கடை ஓட்டும்போது லேபிள் மாத்த யாருக்கு நேரம் இருக்கும், கம்ப்யூட்டர்ல விலை ஏறிடும், ஷெல்ஃப்ல பழைய சீட்டு அப்படியே இருக்கும். அதனால ஸ்கேன் ஆகும்போது ஸ்க்ரீனைப் பாருங்க, சந்தேகம் இருந்தா ஷெல்ஃப் விலையை ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கங்க, காட்டினா பொதுவா குறைச்சிடுவாங்க.

ஃபேமிலி டாலர்னு இதே மாதிரி இன்னொரு மலிவு விலைக் கடை இருக்கு, அதைப் பத்தி நிறைய பேச ஒன்னும் இல்ல, 2015-ல ஒன்பது பில்லியன் டாலர் கிட்ட குடுத்து டாலர் ட்ரீ வாங்குச்சு, 2025-ல சுமார் ஒரு பில்லியனுக்கு தள்ளிவிட்டுடுச்சு, பக்கத்துல இருந்தா அவசரத்துக்குப் போங்க.

அப்ப டாலர் ஜெனரலுக்கு போகவே கூடாதான்னா, சின்ன யூனிவர்சிட்டி டவுன்ல கார் இல்லாம எம்எஸ் படிக்கற பசங்களுக்கு அதை விட்டா நடந்து போற தூரத்துல வேற கடையே இருக்காது, அவங்ககிட்ட ஆல்டி போன்னு சொல்றது வேஸ்ட், ஊபர் காசுல நாலு கேலன் பால் வாங்கிடலாம். அவங்களுக்குத்தான் சொல்றேன், கடையோட ஆப்பைப் போட்டுட்டு சனிக்கிழமை போங்க, 25 டாலருக்கு வாங்கினா அஞ்சு டாலர் குறையற கூப்பன் அதுல வழக்கமா வரும். டிடர்ஜென்ட், டாய்லெட் பேப்பர், டூத்பேஸ்ட்னு கெட்டுப்போகாத சாமானை ரூம்மேட்ஸ் எல்லாரும் சேர்த்து ஒரே பில்லா போட்டா அன்னைக்கு வால்மார்ட் விலைக்கு பக்கத்துல வந்துடும். 25-ங்கறது டாக்ஸ் சேர்க்காத கணக்கு, கொஞ்சம் மேல வர்ற மாதிரி எடுத்துக்கங்க, கூப்பன் ஏறலன்னா கார்டு தேய்க்கறதுக்கு முன்னாடியே கேஷியர்கிட்ட சொல்லிடுங்க.