இரண்டு திட்டங்கள் ஒன்றாகும்போது: ரெயில்ஸ் வழியா, நோட் வழியா?

ரூபி மொழியில் வலைச்செயலிகள் எழுத உதவும் கட்டமைப்பு ரெயில்ஸ்; மெர்ப் அதன் போட்டியாளர். மெர்ப் இணைப்பை ரெயில்ஸ் குழு அறிவித்தது 2008 டிசம்பரில், ரெயில்ஸ் 3.0 வெளிவந்தது 2010 ஆகஸ்டில். இருபது மாதம்! காரணம், மெர்பின் நிரலை அப்படியே ஒட்டவில்லை. அதன் யோசனைகளை எடுத்துக்கொண்டு ரெயில்ஸின் உட்பகுதியைத் தனித்தனித் துண்டுகளாகப் பிரித்து எழுதினார்கள். அதே வெளியீட்டில் எச்டிஎம்எல் தானாக எஸ்கேப் ஆகும் (டேக்குகள் இயங்காமல் எழுத்தாகவே காட்டப்படும்) மாற்றமும் சேர்ந்தது. விளைவு, சரத்தை (ஸ்ட்ரிங்) பாதுகாப்பானது என்று குறிக்காத பழைய பிளகின்களின் டேக்குகள் பக்கத்தில் வெறும் எழுத்தாக வந்து நின்றன.

ஜாவாஸ்கிரிப்டை உலாவிக்கு வெளியே இயக்கும் தளமான நோட் வேறு கதை. ஐஓ.ஜேஎஸ் அதிலிருந்தே பிரிந்த கிளை. 2015 செப்டம்பரில் நோட் 4.0 ஆகத் திரும்பச் சேர்ந்தது. நோட் 0.12இல், ஐஓ.ஜேஎஸ் 3இல் இருந்ததால் இரண்டையும் தாண்டி 4. எண் மோதலே இல்லை, சாமர்த்தியம்தான். அடி வாங்கியவை சி++இல் எழுதிய கூடுதல் தொகுதிகளான ஆட்-ஆன்கள்: ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் வி8 எஞ்சின் 3.28இலிருந்து 4.5க்குத் தாவியதால் மறுகம்பைல் மட்டும் போதவில்லை, பலவற்றில் நிரலையே திருத்த வேண்டியிருந்தது.

இரண்டு திட்டங்களுக்கும் பொதுவான கமிட் வரலாறு (நிரல் மாற்றங்களின் பதிவு) இருந்தால் நோட் வழியே மேல். இல்லையென்றால் ரெயில்ஸ் வழி; ஆனால் இணைப்போடு பழைய நிரலை உடைக்கும் வேறு மாற்றங்களைத் திணிக்காதீர்கள், அவற்றை முந்தைய பதிப்பிலேயே எச்சரிக்கையாகக் காட்டுங்கள்.