கேள்வித்தாளா, களப்பணியா?

சமூக அறிவியலில் ஆய்வு தொடங்குபவர்கள் முதலில் திணறுவது, கேள்விகள் எழுதிப் பலரிடம் பதில் வாங்குவதா, மக்களோடு தங்கிக் களப்பணி செய்வதா என்பதில்தான். எத்தனை பேர், எவ்வளவு என்று அறியக் கேள்வித்தாள் பொருத்தம். ஆனால் நிறையப் பேரிடம் கேட்டால் போதும் என்று நம்பிவிட வேண்டாம். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் 'லிட்டரரி டைஜஸ்ட்' இதழ் யாருக்கு வாக்களிப்பீர்கள் என்று கேட்டு சுமார் 1 கோடி பேருக்குச் சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. லாண்டன் வெல்வார் என்றது கணிப்பு, வென்றவர் ரூஸ்வெல்ட். தொலைபேசி, கார் வைத்திருந்தோரின், அதாவது அன்று பெரும்பாலும் வசதியானவர்களின், பட்டியல்களிலிருந்து பெயர் எடுத்தார்கள். முக்கால்வாசிப் பேர் பதிலே அனுப்பவில்லை. அதைவிட மிகக் குறைவானவர்களிடம் கேட்டே கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் காலப் சரியாகச் சொன்னார்.

களப்பணி மெதுவானது, ஆய்வாளரே அங்கே போய் இருந்தாக வேண்டும். மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1915 முதல் 1918 வரையான காலத்தில் நியூ கினிக்கு அருகிலுள்ள டிரோபிரியாண்ட் தீவுகளில் நெடுங்காலம் தங்கி, அங்குள்ளவர்களின் மொழியிலேயே பேசினார். சிப்பி வளைகளும் மாலைகளும் தீவுக்குத் தீவு கைமாறும் குலா பரிமாற்றத்தை அப்படித்தான் விளக்க முடிந்தது. மக்கள் சொல்வதும் செய்வதும் எங்கே விலகுகிறது என்பது கூடவே இருப்பவருக்குத்தான் தெரியும்.

என்னைக் கேட்டால், பழக்கமில்லாத களம் என்றால் முதலில் போய்ச் சில மாதம் இருங்கள். அப்புறம் கேள்வித்தாள் எழுதலாம். எதைக் கேட்பது, எந்தச் சொல்லில் கேட்பது என்று அதற்குள் பிடிபட்டிருக்கும்.